எர்சிலியா இழுத்துப் போன டாக்டர்

"இடுப்புல சமையல் துணியோட, ஒரு வெளிநாட்டுக்காரன் கையைப் புடிச்சுக்கிட்டு ஓடிப் போனா" என்று காய்கறிக் கடை ஈனெஸ் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். போனது உண்மை. கை பிடித்ததும் உண்மை. யார் யாரை இழுத்துப் போனார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிடுவாள். ரோமில் எங்கள் டெஸ்டாச்சோ பேட்டையில் பாதி உண்மை சொல்வதற்கு ஈனெஸை விட்டால் ஆளில்லை.

எர்சிலியா மூன்றாம் மாடியில் அறைகளை வாடகைக்கு விட்டு, தங்குபவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த விதவை. ஒருநாள் நெரிசலான டிராமில் மூச்சு முட்டி விழுந்தாள். இதயத்தில் கோளாறில்லை என்றார்கள். கோளாறு எங்கே இருந்ததோ, அதன்பிறகு அவள் தெருக்கதவைத் தாண்டவே இல்லை. சன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். ஈனெஸ் காயோடு ஒரு குத்தலையும் போட்டு அனுப்புவாள்.

"படி இறங்கினா கால் தேஞ்சிடுமாடி, மகாராணி?"

"உன் மூஞ்சியைக் கிட்டத்துல பாக்கணுமேன்னுதான் இறங்கல. கீரை வாடியிருக்கு, மாத்திப் போடு."

அறுபத்தைந்தாம் வருஷத்து வசந்தத்தில், ரயிலேறிப் போகும் தூரத்தில் ஃப்ரஸ்காத்தியில் இருந்த மகள் சொல்லியனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். அம்மா வந்து குழந்தையை ஏந்தாவிட்டால் மாமியார் ஏந்துவாள். சம்பந்தியம்மாள் ஏந்துவதை நினைத்தே எர்சிலியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான், விளையாட்டு வீரர்களின் மனசை ஆராயும் டாக்டர்கள் நாலா தேசங்களிலிருந்தும் ரோமில் முதன்முறையாகக் கூடினார்கள். மூன்று பேர் அவள் வீட்டில் தங்கினார்கள்: அமெரிக்கர் விட்லாக், லெனின்கிராட்காரர் லுகின், பிராக் நகரத்து இளைஞர் வாவ்ரா. வந்ததும் வராததுமாக விட்லாக்கும் லுகினும் தனித்தனி மேசை கேட்டார்கள். இருவர் நாட்டுக்கும் ஆகாதாம்.

"பானை ஒண்ணு, மேசையும் ஒண்ணு. சண்டையெல்லாம் சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள் எர்சிலியா.

வியாழக்கிழமை, வழக்கம்போல் ஞோக்கி. அந்த உருளைக்கிழங்கு உருண்டைகள் உள்ளே போனதும் நாக்குகள் இளகின. அவள் தன் கவலையைச் சொன்னாள். அவ்வளவுதான், மூவரும் அவளை ஓட்டப்பந்தயக்காரியாகவே ஆக்கிவிட்டார்கள்.

"மூச்சை மெதுவா இழுத்து விடுங்கம்மா" என்றார் விட்லாக்.

"மூச்சு கிடக்கட்டும். படி ஏறி இறங்கிப் பழகுங்க, மனசு தானா பின்னாடி வரும்" என்றார் லுகின்.

"கண்ணை மூடிக் குழந்தையை நெனைச்சுக்கங்க" என்றார் வாவ்ரா.

"கண்ணை மூடினா சம்பந்தி மூஞ்சிதான் தெரியுது, டாக்டரே."

ஒரு பாட்டில் வெள்ளைத் திராட்சை மது தீரும்வரை வாதாடினார்கள். கடைசியில் மூன்று வைத்தியத்தையும் சேர்த்தே செய்வதென்று கைகுலுக்கிக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம் விட்லாக் முன்னால் நின்று மூச்சு விட, லுகின் பின்னால் படி எண்ண, வாவ்ரா பக்கத்தில் குழந்தையின் கன்னத்தை வர்ணிக்க, எர்சிலியா தெருக்கதவுவரை இறங்கினாள். வாசற்படிமேல் காலைத் தூக்கினாள். அப்படியே திரும்பிவிட்டாள்.

"ஒரு காலுக்கு மூணு டாக்டர்னா, அது யார் பேச்சைத்தான் கேக்கும்?"

சனிக்கிழமை காலை மற்ற இருவரும் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். அன்று வாவ்ராவின் முறை, சபையில் பேச வேண்டும். அவரோ முகம் வெளிறி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் போகலம்மா. அத்தனை பேர் முன்னாடி பேசப் பயமா இருக்கு."

"எதைப் பத்திப் பேசணும்?"

"போட்டியன்னிக்கு வர்ற பயத்தை எப்படி ஜெயிக்கறதுன்னு."

எர்சிலியா சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

"அப்போ எனக்குச் சொன்னதெல்லாம்?"

"சொல்றது சுலபம்மா."

"எந்திரி. உன்னை நம்பி அங்க சபையே உக்காந்திருக்கு. எந்திரிடா."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மாடிப்படியின் கம்பியை அவர் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். திட்டிக்கொண்டே கதவைத் தாண்டினாள். ஈனெஸின் தக்காளிப் பெட்டியைத் தட்டிவிட்டு, டிராம் நிற்குமிடம்வரை இழுத்துப் போய் அவரை உள்ளே தள்ளினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, தெருவுல நிக்கறீங்க."

எர்சிலியா குனிந்து பார்த்தாள். காலில் வீட்டுச் செருப்பு. அவர் சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் நடத்துனர்.

"ஃப்ரஸ்காத்தி ரயிலைப் புடிக்க இது போகுமா?"

"போகும்."

வாவ்ராவின் சட்டையை விடாமலே ஏறினாள். டிராம் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "ஈனெஸ், அடுப்புல குடல் கறி கொதிக்குது, இறக்கி வைடி."

ஈனெஸ் இறக்கி வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டும் தீர்த்தாள். சாப்பிட்ட வாய்தான் இன்றைக்கு இப்படிப் பேசுகிறது.