தலைவர் சொன்னதையே சொன்ன ஆலோசகர்

கூட்டுறவுத் துறையிலிருந்து நான் ஓய்வுபெற்ற மறு வருஷம், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலுள்ள ஒரு குப்பத்தில் இது நடந்தது.

ஏரியில் இறால் படும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று குடும்பங்களுக்குள் ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணின் பாடு அப்போது பறிபோக இருந்தது. தன் தம்பியை அனுப்புகிறேன் என்றாள் அவள். ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்றார்கள் ஊர்த் தலைவரின் பங்காளிகள். அந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உதவப் போயிருந்த நான், சங்க விதிகளில் பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை என்று விளக்கினேன். அது யாருக்கும் உதவவில்லை.

அந்த நேரத்தில்தான் சங்கத்தைச் சீரமைக்க ஒரு தொண்டு நிறுவனம் சென்னையிலிருந்து மேலாண்மை ஆலோசகர் ஒருவரை அனுப்பியது. பணிக்காலத்தில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் கேட்டதையே வண்ணப் படமாக்கி நமக்கே காட்டிவிட்டுப் போவார்கள். இவரும் தலைவர் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டார். தலைவர் பேசப் பேச, லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார். நானும் அந்தப் பந்தியில்தான் இருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் திரையில் படம் ஓடியது. ஏரி என்று அவர் காட்டியது கேரளத்துக் காயல். கடைசியில், கணவர் இறந்தாலும் குடும்பத்தின் பாடு தொடர வேண்டும் என்று வந்தது. முந்தின நாள் தலைவர் சொன்னது, சொல் மாறாமல்.

பங்காளிகள் முணுமுணுத்தார்கள். "இன்னாத்துக்குப் பேச்சு? படிச்சவரு ஆராய்ஞ்சு சொல்றாரு இல்ல?" என்று அதட்டினார் தலைவர், அதை அப்போதுதான் முதல்முறை கேட்பவர் போல.

எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைப் போட்டு உடைக்க எழுந்தேன். தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"குந்து சார். நான் சொன்னா வூட்டுச் சண்டை. அவரு சொன்னா திட்டம்."

குந்தினேன்.

பாடு அவளிடமே நின்றது. வெளியே வந்தபோது ஆலோசகரைக் கும்பிட்டு, "நல்லா இருப்பே நைனா" என்றாள். அவர் பணிவாகத் தலையசைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இந்தம்மா யாரு சார்?"

எல்லா விதியும் தெரிந்த என்னால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் யாரென்றே தெரியாதவரால் ஆயிற்று. ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏனோ பாதியிலேயே நின்றுவிடுகிறது.