பழையதை முதலில் அழித்த ஸ்கிரிப்ட்

போன வாரம் ஆனையூர் வீட்டில் புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஒரு நிரல்மொழியையும் ஏற்றினேன். ஒரே வரிக் கட்டளைதான். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரி உள்ளே என்னதான் செய்தது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த அந்த நிறுவும் ஸ்கிரிப்டைத் திறந்து படிக்க உட்கார்ந்தேன்.

இந்தப் பழக்கம் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வந்தது. கல்லூரிக் கணினிகளைப் பராமரிப்பது அப்போது என் வேலை. மாணவர்கள் பயிலும் நிரல்மொழியின் பழைய பதிப்பை நீக்கிப் புதியதை ஏற்ற நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. டைரியில் நாள் இருக்கிறது: மார்கழி, வியாழக்கிழமை. வருடத்தின் மேல் மட்டும் டீ கொட்டியிருக்கிறது. தேதிப் பைத்தியம் என்று பெயர் வாங்கியவனின் லட்சணம் இது.

பத்து மணிக்கு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து, பூக்கூடைகளுக்கு நடுவே நின்றபடி போய்ச் சேர்ந்து, வரிசையாக எல்லா மிஷினிலும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். "தொடரலாமா?" என்று ஒவ்வொன்றும் கேட்கும், ஆமாம் என்று தட்ட வேண்டும். புதியது பாதி இறங்கியிருந்தபோது கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இணையம் வரவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர் செல்வி எட்டிப் பார்த்தார்.

"புதுசு ஏறிருச்சாண்ணே?"

"பாதி வந்திருக்கு."

"சரி, பழசு வச்சு ஓட்டிக்கிருவோம்."

"அதை அழிச்சுட்டுத்தான் புதுசு இறங்கும்."

"அம்புட்டு மிஷின்லயுமா? பிள்ளைக ஹால் டிக்கெட்டோட வெளிய நிக்குதுக. நீங்களே போயி சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் பழையதையெல்லாம் தூக்கிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஸ்கிரிப்டையும் அப்படியே எழுதியிருந்தேன்.

கடைசி வரிசையில் ஒரு மிஷினுக்குக் கீபோர்டு வேலை செய்யாது. கேள்விக்குப் பதில் தட்ட முடியாமல் அதை விட்டிருந்தேன். செல்விதான் கவனித்தார்.

"உங்க கைக்குத் தப்பிச்சது இது ஒண்ணுதாண்ணே."

வேறு கீபோர்டு மாட்டி, அதிலிருந்த பழைய பதிப்பைப் பென்டிரைவில் எடுத்து, ஒவ்வொன்றாக ஏற்றினோம். தேர்வு பதினொன்றுக்குத் தொடங்கியது.

அன்று மாலையே ஸ்கிரிப்டின் வரிசையை மாற்றினேன். புதியதைத் தனி இடத்தில் இறக்கு. முழுதாக வந்ததா என்று சரிபார். பழையதை ஓரமாக நகர்த்தி வை. புதியது ஓடிய பிறகே அழி. அந்த வரிகளுக்கு மேல் ஒரு குறிப்பு: "செல்வி ஆய்வகத்தில் கரண்ட் போனதால்." பிறகு யாருக்குச் சிக்கல் வந்தாலும் ஒரு வரி கூடும், அதன் மேல் அவர் பெயர் ஏறும்.

அந்த ஸ்கிரிப்டை இப்போது யாரும் ஓட்டுவதில்லை. என்னிடமும் பிரதி இல்லை. போன வாரம் படித்த ஸ்கிரிப்டிலும் அச்சாக அதே வரிசை: இறக்கு, சரிபார், நகர்த்து, அழி. எங்கோ யாருக்கோ பாதியில் கரண்ட் போயிருக்கிறது. யாருக்கு என்று கடைசி வரி வரை தேடினேன். எழுதியிருக்கவில்லை.