யூட்டின் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி

போன திங்கட்கிழமை காலை, நாங்கள் லைசென்ஸ் எடுத்திருக்கும் மென்பொருள் கம்பெனியின் பார்ட்னர் பக்கத்தைத் திறந்தவன் அப்படியே உறைந்துபோனேன். என் பெயருக்குக் கீழே யூட்டின் பெயர். அதற்கு எதிரே பச்சைப் புள்ளி. 'கடைசி வருகை: நேற்று.'

யூட் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன்.

தனியாளாக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு எந்த லைசென்ஸ் தோது என்று அடிக்கடி கேட்கிறீர்கள் அல்லவா? முழு விலைக்கு வாங்கலாம். பார்ட்னர் திட்டத்தில் சேர்ந்து மலிவாக எடுக்கலாம். நானும் யூட்டும் இரண்டாவதில் சேர்ந்தோம் - இரண்டு பேர் பெயரிலும். அந்த லைசென்ஸில்தான் எங்கள் படகுப் பதிவு மென்பொருள் ஓடுகிறது. எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பியது என்று மீனவர் சங்கங்கள் பார்ப்பது அதில்தான்.

இப்போது புது நிபந்தனைகளாம். வெள்ளிக்கிழமைக்குள் இருவரும் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து. ஒருவரை நீக்குவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். விலகினார்... இறந்தார்... இரண்டே பெட்டிகள். காணாமல் போனவருக்குப் பெட்டி இல்லை. அந்தக் கம்பெனி இருக்கும் ஊரில் அப்படி யாரும் போவதில்லை போலும்!

மனதைக் கல்லாக்கிக்கொண்டு 'இறந்தார்' மேல் மவுஸைக் கொண்டுபோனபோதுதான் அந்தப் பச்சை கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால், பயந்தே போனேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு யூட்டின் கடலோர ஊரான தாழ்வுபாட்டுக்கு ஓடினேன். யூட்டின் மனைவி மெற்றில்டா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான்தான் அண்ணை திறக்கிறனான். அவற்ர செபப் புத்தகத்தில பாஸ்வேர்ட் எழுதிக் கிடந்தது. கனநாள் திறக்காட்டி ஆள் இல்லையெண்டு பேரை எடுத்துப்போடுவினமாம். அதான் பூசை முடிஞ்சு வந்து ஒவ்வொரு ஞாயிறும் திறந்து மூடுறனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"கச்சேரியில அரசாங்க ஆக்கள் மரணச் சான்றிதழ் தாறம் எண்டவை. வேண்டாமெண்டு வந்தனான். உங்கட வாயாலயும் அவர் செத்திட்டார் எண்டு கேக்கவேண்டி வருமோ எண்டு பயம்."

'இறந்தார்' என்ற பெட்டிவரை போய் வந்தவன் நான். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"சரி, அவன்ர பேரில 'சம்மதம்' எண்டதை மட்டும் அமத்திவிடுங்கோ. லைசென்ஸ் தப்பும்."

உள்ளே போய் லாப்டொப்பைக் கொண்டுவந்து திறந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானையே பார்த்தாள். பிறகு மெதுவாக மூடினாள்.

"ஏலாது அண்ணை. கதவைத் திறந்து வைக்கிறது வேற. அவர் சம்மதிச்சவர் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அவரல்லோ சொல்லவேணும்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சங்கங்களுக்குப் பழையபடி கையால் எழுதும் கொப்பிதான் என்று சொல்லிவிட்டேன்.

என் பங்குச் சம்மதத்தை மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல். 'நன்றி. இரு பார்ட்னர்களின் சம்மதமும் கிடைத்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது.'

யூட்டின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: மெற்றில்டா, யூட். மெற்றில்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

நான் கேட்கவில்லை... நீங்களென்றால் கேட்பீர்களா?