பூசம் வரை காத்திருக்கும் ஒயின்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஒயின் கடையில் நிற்கிறேன். வேலைக்காக இங்கே தனியே தங்கியிருக்கும் மனைவிக்கு இன்றிரவு நண்டுக் கறி சமைக்கப் போகிறேன். ஊரிலிருந்து அவளைப் பார்க்க வந்திருக்கிறேன்; நண்டுக் கறி பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. எதுவும் சேர்க்காமல் தானாகப் புளித்த இயற்கை ஒயின்களின் லேபிள்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.

“உறைப்புக் கறின்னா சிவப்பு வேணாம் லா, அண்ணே. வெள்ளைத் திராட்சையைத் தோலோட புளிக்க வச்ச இந்த ஆரஞ்சு ஒயின் எடுங்க,” என்கிறார், மனைவிக்குச் சமைக்கப் போவதை நான் சொல்லக் கேட்ட கடைக்கார அக்கா. “தைப்பூசம் வருதே, அண்ணி விரதமா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. மனைவியை அழைக்கிறேன்.

“விரதம்தாங்க. உங்க முழங்கால் சரியாகணும்னு பால்குடம் நேர்ந்திருக்கேன்.”

அதைச் சொன்னதும் அக்கா சிரிக்கிறார். “வெயில்ல இந்த ஒயின் கெட்டுடும். பூசம் முடியட்டும், இங்கேயே குளிர்ல இருக்கட்டும்.”

ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பூசத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போடுகிறேன். அக்கா பாட்டிலில் என் பெயரை எழுதப் போகிறார். மனைவி பெயரை முதலில் எழுதச் சொல்கிறேன்.