ஆணிவாயரின் இருமல்

சோபா தைக்கும் அவருக்குப் பட்டறைத் தெருவில் ஆணிவாயர் என்று பெயர். குட்டை ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலால் கவ்வி அடிப்பார். அந்த வாயோடே பேரமும் பேசுவார். எதிராளிக்கு ஒன்றும் புரியாது. சரி சரியென்று போய்விடுவார்.

அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டபோது, பள்ளி வேன் ஓட்டும் அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். "பழைய சோபாவைப் பிரிக்காதடா, அந்தத் தூசி உனக்கு ஆகாது. புதுத் துணி மட்டும் தை" என்றாள். தலையாட்டினார். ஆனால் பழசைப் பிரிக்காமல் அந்தத் தொழிலில் பிழைப்பு ஏது? அக்கா வேனை எடுத்துப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார்.

உடல் புதுச் சிறுநீரகத்தை ஒதுக்காதிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் இடையில் மாற்றியிருந்தார். சில மாதங்களில் வறட்டு இருமல் வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தூசிதான் என்று முடிவுகட்டினார். மருத்துவமனைக்குப் போனால் குட்டு உடைந்துவிடும். அக்கா வரும்போது தையல் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமினார்.

ஒருநாள் ஆணிகள் டம்ளரில் கிடப்பதை அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடா, வாய்க்கு லீவா?"

"பல்லு கூசுதுக்கா."

"இத்தனை வருஷம் இரும்பைத் தின்ன பல்லு இன்னிக்குத்தான் கூசுதா? வண்டில ஏறு."

"தூசியில வேலை பாப்பீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்: "அதெல்லாம் விட்டுட்டான் டாக்டர். என் பேச்சைத் தட்ட மாட்டான்."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "பிரிச்சேன்," என்றார், தரையைப் பார்த்தபடி. "தினமும்."

அக்கா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவிய நீரைச் சோதித்தார்கள். "கிருமி இல்ல, தூசியும் இல்ல. அந்த மாத்திரைதான் நுரையீரல்ல அழற்சி உண்டாக்கியிருக்கு. நிறுத்திட்டு வேற தர்றோம். கிட்னி அதை ஏத்துக்குதான்னு கவனமா பாக்கணும். இருமல் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா இவ்வளவு பரவியிருக்காது."

தூசியில்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா அறுத்துக் கொடுத்ததை, அவளுக்குத் தெரியாமலே பணயம் வைத்திருந்தார்.

மாலையில் அக்கா கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குடா மறைச்ச?"

"நீ திட்டுவியேன்னு..."

"திட்டுனா செத்தா போயிடுவ? திட்டாம விட்டிருந்தாத்தான் செத்திருப்ப."

சிரிக்கப் போனார், இருமல் முந்திக்கொண்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் பாத்து இருமு," என்றாள் அக்கா.