நாக்பூர் வரை போன சாவி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதக் காலை. மைசூரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து என் கணவர் கார் சாவியை என் தோழியின் கையில் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "நீங்க ஓட்டறதா இருந்தா மட்டும் எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். இவ கையில குடுத்துடாதீங்க" என்றார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது சர்ச் காம்பவுண்டுச் சுவரில் இடித்துவிட்டேன். பின்பக்க விளக்கு ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே சாவி அவர் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அதன்பிறகு அவரும் இரண்டு தடவை இடித்தார். அவர் இடித்தால் எதிரே வந்தவன் மேல் தப்பு. நான் இடித்தால் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு வந்த கோபம் அவர் மேல் பாதி, என் மேல் பாதி. ஐ.சி.யு.வில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறவள், ஒரு சாவியைக் கேட்டு வாங்கத் தைரியமில்லாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நர்சிங் படித்து, ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாவி வாங்கியவள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள். இன்னொருத்தி குழந்தைகள் வார்டு. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் அவள் ஜெபம் பண்ணாமல் வண்டி கிளம்பாது. பெங்களூரில் எங்கள் ஜூனியர் பெண்ணுக்குக் கல்யாணம். கெஞ்சிக் கூத்தாடி மூவரும் ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தோம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு, கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வண்டியைத் திருப்பினால் அரை மணியில் வீடு. துணி துவைக்கலாம், அலமாரி அடுக்கலாம். எனக்கு அந்த நினைப்பே கசந்தது. குழந்தைகள் வார்டுக்காரி போனில் மேப்பை நோண்டிக்கொண்டே, நாட்டுக்கு நடுப்புள்ளி என்று நாக்பூரில் ஒரு கல் நட்டிருக்கிறார்களாமே, அதைத் தொட்டுவிட்டு வந்தால் என்ன என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். தியேட்டர்காரி எழுந்து கை கழுவிவிட்டு வந்து வண்டியை எடுத்தாள். பெங்களூர் தாண்டியும் அது நிற்கவில்லை.

பெட்டியில் இருந்ததெல்லாம் பட்டுப்புடவை. கர்நூலில் லாட்ஜ் வாசலில் மூன்று பட்டுப்புடவைகள் இறங்கியதைப் பார்த்துவிட்டு, கூட ஜென்ட்ஸ் யாரும் வரவில்லையா என்று ரிசப்ஷனில் கேட்டார்கள். வரவில்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது என்று தியேட்டர்காரி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். என் கணவர் தினமும் போன் செய்து திரும்பி வரச் சொன்னார். நானும் தினமும், சரி பார்க்கலாம் என்றேன்.

மூன்றாம் நாள் காலை அடிலாபாத்தில் டீ குடித்துவிட்டு ஏறும்போது, கார்க் கதவு தியேட்டர்காரியின் வலது கை விரல்களை நசுக்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு விரல் வீங்கிவிட்டது. கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தோம். கட்டுப் போட்ட கையோடு அவள் சாவியை என்னிடம் நீட்டினாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது பழைய நர்ஸ், புது நர்ஸைப் படுக்கைக்குப் படுக்கை கூட்டிக்கொண்டு போய், இன்னாருக்கு இன்ன தொந்தரவு, இதைக் கவனி என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஹேண்டிங் ஓவர் என்போம். வலியோடு வலியாக அவள் வண்டியைச் சுற்றிவந்து அதைச் செய்தாள். பேஷண்டுக்குப் பதினோரு வயது, காலையிலிருந்து ஜுரம், ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் போகிறது, ஏ.சி. போடாதே, அடிக்கடி நிறுத்தி முள்ளைப் பார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. சாவி என் கையில் இருந்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

முதல் பத்து கிலோமீட்டர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். அப்புறம் ஒரு லாரியை முந்தினேன். இன்னொன்றை முந்தினேன். வாய்விட்டுச் சிரித்தேன். மற்ற இருவரும் தூங்கிவிட்டார்கள். தூசியாக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டேன். முள்ளைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து பானெட்டிலிருந்து புகையாகக் கிளம்பியது.

ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து, பதற்றத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தேன். பின்னாலிருந்து யாரோ கத்தியபடி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். ரோட்டோரக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். மராத்தியில் அவர் என்னைத் திட்டித் தீர்த்த சத்தத்தில்தான் மற்ற இருவரும் விழித்து இறங்கினார்கள். பாஷை புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. மூடியைத் திறந்திருந்தால் கொதிக்கிற தண்ணீர் அப்படியே முகத்தில் அடித்திருக்கும். தீக்காய வார்டில் அப்படி வந்தவர்களுக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன். அவர் என்னை வரப்பில் உட்காரவைத்து, இன்ஜின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தார். பிறகு தன் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நான் கும்பிட்டேன். அவர் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் செடிகளுக்குள் போய்விட்டார்.

அப்போது பார்த்துத்தான் கணவரின் போன். உண்மையைச் சொன்னேன். நீ வண்டியைத் தொடாதே, இங்கிருந்து டிரைவரை அனுப்புகிறேன், நீங்கள் ரயிலில் வந்துவிடுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். அவர் சொன்னது சரிதானே என்று தோன்றியதுதான் எனக்கு வலித்தது. ஒப்படைத்ததைக் காதில் வாங்காமல் வருகிற ஜூனியர்களை வார்டில் நான் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

தியேட்டர்காரி சமாதானமெல்லாம் சொல்லவில்லை. "தப்பு உன்னுதுதான்டி. வார்டுல தப்பு நடந்தா என்ன பண்றோம்? ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு அடுத்த டியூட்டிக்கு வரோம். யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டா போறோம்?" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லு என்றேன். இந்தத் தடவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன், படிக்கிற காலத்தில் செய்தமாதிரி. டிரைவர் வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று கணவருக்கு மெசேஜ் போட்டேன். அடுத்த ஊர் வரை ஊர்ந்து போய், கசிந்துகொண்டிருந்த ஹோஸ் பைப்பை மாற்றினோம். சாயங்காலம் நாக்பூரில் அந்தக் கல்லைப் பார்த்தோம். ரோட்டோரத்தில் ஒரு தூண், நாலு குதிரைகள். மூன்று கசங்கிய பட்டுப்புடவைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. தோழியின் விரல் ஆறவில்லை. அதனால் மைசூர் வரைக்கும் முழுக்க நானே ஓட்டினேன், அடிக்கடி நிறுத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டு.

வீட்டு வாசலில் கணவர் நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் கீறல் இல்லை. பிறகு வழக்கம்போலக் கையை நீட்டினார், சாவிக்கு.

"ஷிப்ட் முடிஞ்சாதான் ஹேண்டிங் ஓவர். என் ஷிப்ட் இன்னும் முடியலைங்க" என்றேன்.

நீட்டிய கை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. சாவி இன்றைக்கும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பருத்திக்காட்டுப் பெண்ணின் பிடி மணிக்கட்டில் உறைக்கிறது. தப்புச் செய்தால் திட்டு வாங்கவும் திருத்திக்கொள்ளவும் நான் தயார். அதற்காகச் சாவியைக் கொடு என்று யார் கை நீட்டினாலும் இனிமேல் கொடுப்பதாக இல்லை.