கடலில் என்னை எடை போட்டார்கள்

என் சிறுநீரகம் என் மனைவிக்குப் பொருந்துகிறது என்று சொன்ன டாக்டரம்மா, நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், இப்போதைக்கு அதை எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். என் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டார். வயிற்றைச் சுற்றி டேப் வைத்தார்.

"உடம்புல கொழுப்பு ரொம்ப அதிகம். இப்படியே ஆபரேஷன் பண்ணா உங்களுக்கு ஆபத்து. குறைச்சுட்டு வாங்க."

மனைவி அப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்தெட்டு வருஷமாகக் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன் நான். இது வலை இழுத்து ஏறின சதை. அந்த டேப்புக்கு என்ன தெரியும்?

நியாயம் கேட்டுக் கிளம்பினேன். கல்மண்டபத்தில் ஜிம் வைத்திருப்பவர் இடுக்கி மாதிரி ஒன்றால் என் வயிறு, முதுகு, கை என்று தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, முப்பத்திரண்டு சதவீதம் கொழுப்பு என்றார். கிள்ளுகிற அளவு கிள்ளுகிறவன் கையில்தானே இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடையில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் மெஷின் இருந்தது. பாதம் வழியாக லேசாகக் கரண்ட் போய் உடம்பை அளக்குமாம். முப்பத்தாறு காட்டியது. வெளியே போய்க் குழாயில் காலை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி ஏறினேன். இருபத்தொன்பது. கடைக்காரர் துடைப்பத்தோடு வந்து ஈரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இருபத்தொன்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு அளவையும் மனைவியிடம் பெருமையாகச் சொல்வேன். அவள், "அப்டியா" என்பாள்.

என் படகிலேயே வேலை செய்யும் மச்சான், அவளுடைய தம்பி, ஒருநாள் போனை நீட்டினான். "மாமா, தண்ணிக்குள்ள எடை போடறதுதான் கரீட்டாம். கொழுப்பு மெதக்கும், சதையும் எலும்பும் முழுகும். நம்மகிட்ட தராசும் கீது, கடலும் கீது. இன்னா சொல்ற?"

ஒரு காலை, அலை அடங்கியிருந்த நேரம், துறைமுகத்துக்கு வெளியே படகை நிறுத்தினோம். வலை தூக்கும் கம்பத்தில் மீன் எடை போடும் வட்டத் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் ஒரு வலைப்பையைக் கட்டினோம். பை மிதக்காமலிருக்க ஈயக் குண்டுகள் போட்டோம். தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தபோது பையும் ஈயமும் சேர்ந்து பத்துக் கிலோ. நான் உள்ளே உட்கார்ந்தால் பத்துக்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு நான் சதைக்காரன். நாலைந்து கிலோவாவது ஏறும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

முழுகி எழுந்தேன். மச்சான் தராசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீ உள்ள போனா எடை கொறையுது. ஆறுதான் காட்டுது."

"மூச்சக் கட்டிகினேன்டா, அதான்."

நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் ஊதி வெளியே விட்டுவிட்டு மறுபடி முழுகினேன். ஒன்பது. மூன்றாம் தடவை, கண் இருட்டுகிற வரை ஊதிவிட்டு முழுகினேன். ஒன்பதரை. பத்தைத் தொடவே இல்லை. தொண்ணூற்று நாலு கிலோ மனுஷன், கடலில் எனக்கு எடையே இல்லை. படகில் கூட வந்திருந்த மற்ற இரண்டு ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஒரு வவ்வாலு மீனு கூட முழுகும் மாமா" என்றான் மச்சான். கடலிடம் நான் என்ன நியாயம் கேட்பது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "மெதக்கறேன்மே. டாக்டரம்மா சொன்னதுதான் கரீட்டு."

நடந்ததை முழுதாகக் கேட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் சொன்னாள்: "நா வேற நென்ச்சிகினு இருந்தேன். கத்திக்குப் பயந்துகினுதான் நீ மெஷினு மெஷினா ஏறி எறங்கறன்னு."

அவள் நினைத்தது சரி. புயலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தவன்தான், ஆனால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். டேப்போடு சண்டை போடுகிற வரைக்கும் அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவள் அந்த நாற்காலியில் காத்துக் கிடந்தாள். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"பயமாத்தான் கீது" என்றேன். "ஆனா தரேன்."

"எனுக்கும்தான் பயம். உனுக்கு எதுனா ஆயிட்டா நா இன்னா பண்றது?" என்றாள். பிறகு அவளே எழுந்து போய் என் சோற்றுத் தட்டை எடுத்துவிட்டுச் சின்னத் தட்டு ஒன்றை வைத்தாள்.

அதன் பிறகு அவள் ஆட்சிதான். ஒரு கரண்டிச் சோறு, குழம்பில் மீன், பொரித்தது கண்ணில் படக் கூடாது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடை. கரைக்கு வந்தால் மீன்காரப் பெண்கள், "இன்னா நைனா, பாதி ஆள எங்க வுட்டுட்டு வந்த?" என்று கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி டேப்பைச் சுற்றினார். இந்தத் தடவை நான் வயிற்றை எக்கவில்லை. "இது போதும்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது விலாப்பக்கமெல்லாம் ஒரே வலி. மனைவி வேறு அறையில் இருந்தாள். மச்சான் கட்டிலருகே குனிந்து, காதோடு காதாகச் சொன்னான்.

"மாமா, அக்காவுக்கு ஒண்ணுக்கு வந்துகினே கீது. பை ரொம்பி, மாத்திட்டாங்க."

ஒன்றரை வருஷமாக அவளுக்குச் சொட்டுச் சிறுநீர்கூட வந்ததில்லை. நான் சிரிக்கப் போனேன், தையல் இழுத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நர்ஸ் ஓடி வந்து வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஊசி எடுக்கப் போனதும் மச்சானின் கையைப் பிடித்து, இன்னொரு தடவை சொல்லுடா என்றேன்.